பத்து வரை

நாகாச்சி வளைவில் ஷேர் ஆட்டோ
சக்கரங்களை வானுக்குக் காட்டிக் கிடந்தது.
தார்ச்சாலை முழுக்கப் பாசி,
கடல் இன்னும் வடியாத மரிக்கொழுந்துப் பாசி.
அதில் வழுக்கித்தான் அவள் தலைமாட்டில்
மண்டியிட்டேன்.

நம்புவள்ளி, நாற்பது வயசு.
பெயரைச் சொன்னவள் சேதுராக்கு,
தன் கை ஒடிந்திருப்பது தெரியாமல்
அதே கையை நீட்டிச் சொன்னாள்.

கண்ணுக்கு முன்னால் காது பார்த்துவிடும்.
குறட்டை கேட்டால் நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது.
களகளவென்றால் உள்ளே ஏதோ தேங்கி நிற்கிறது.
இவளுக்கு இரண்டும்.

தலையைச் சாய்க்கக் கூடாது,
கழுத்தெலும்பு என்ன கதியோ.
காதுமடலுக்குக் கீழே தாடையின் முனையில்
இரு பக்கமும் விரல் கொடுத்து முன்னே தள்ளினேன்.
குறட்டை நின்றது.
களகள நிற்கவில்லை.

உறிஞ்சும் மெஷினைத் தட்டினேன்,
ஒரு தரம் இருமியது, செத்தது.
காலையில்தான் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.
உப்புக்காற்றுக்கு
என் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது.

நான் கேட்குமுன்னே கைப்பம்பை நீட்டினார்
சீனி உதுமான். டிரைவர்தான்.
தாடையை அவர் வாங்கிக்கொண்டார்.

வாயோரத்திலிருந்து காதுமடல் வரை
குழாயை அளந்து விரலால் பிடித்தேன்.
அதைத் தாண்டி ஓர் அங்குலமும்
அவள் தொண்டையில் எனக்குப் பாத்தியதை இல்லை.
போகும்போது இழுக்கக் கூடாது,
திரும்பும்போதுதான்.
பத்து எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்,
குழாய் ரத்தத்தோடு காற்றையும் குடிக்கும்.

கடிகாரம் பார்க்க எனக்கு மூன்றாம் கண் ஏது?
என் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
எனக்கு முட்டினால்
அவளுக்கு எப்போதோ முட்டியிருக்கும்.

ஒன்று, இரண்டு, ரத்தம்.
நாலு, வெற்றிலைச் சக்கை.
ஆறு, காலையில் குடித்த நீராகாரம்.

"அவ அறுவது எண்ணுவா தாயி,
தண்ணிக்குள்ள.
நாங்க ரெண்டு தரம் ஏறி மூச்சு வாங்கிருவோம்,
அவ அப்பத்தான் தலைய வெளிய காட்டுவா"
என்றாள் சேதுராக்கு.
எனக்குச் சொன்ன தைரியமா,
அவளுக்கே சொல்லிக்கொண்டதா தெரியாது.
அது அவளே அடக்கிய மூச்சு, இது வேற என்று
பதில் சொல்ல வாயில்லை.
நான் எட்டில் இருந்தேன்.

ஒன்பதில் குழாய் அடைத்தது.
ஒரே ஒரு சோற்றுப் பருக்கை.

வெளியே எடுத்தேன். மாஸ்க். ஆக்சிஜன்.
மறுபடி நிரம்பியது.
தலை, தோள், இடுப்பு, ஒரே மரக்கட்டையாக
ஒருக்களித்துச் சாய்த்தோம்,
மீன்வண்டிப் பையன் ஒருவனையும் சேர்த்து மூன்று பேர்.
கடைவாய் வழியே எல்லாம் கொட்டியது.
தாரில் 'டிக்' என்று ஒரு பல் விழுந்தது.
அந்தப் பையன்தான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்,
ஏன் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

விரலில் கிளிப் மாட்டப் போனால்
பத்து விரலிலும் துணி.
பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றியது,
முடிச்சு ஊறி இறுகியிருந்தது.
கத்தரியால் நறுக்கினேன்.
உள்ளே விரல் வெளுத்து, சுருங்கி,
குளிர்ந்து கிடந்தது.
மெஷின் வெகுநேரம் வெறும் கோடு காட்டியது.
பிறகு எழுபத்தெட்டு.

பெருங்குளம் தாண்டும்போது ஒரு தரம்,
எதிரே லாரி வந்து பிரேக் அடித்தபோது ஒரு தரம்.
வழுதூரில் தொண்ணூற்றொன்று.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று, கதவு ஆடி நின்றது.
அதற்குமேல் எங்கள் தாளில் கட்டம் இல்லை.
உறிஞ்சியது எத்தனை முறை? ஐந்து.
சீனி உதுமான் குழாயடியில்
பிளீச்சிங் போட்டு ஜாடியைக் கழுவினார்.
நான் குச்சியால்
ஷூ அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டினேன்.

அன்றிரவு படுத்துக்கொண்டு
மூக்கைப் பொத்தி எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்துநாலில்
வாய் தானே திறந்துவிட்டது.